காளான் அறைக்கு "ஓட்டோ கூலிங்" பொக்ஸ் வாங்கப் போறவங்க கொஞ்சம் நில்லுங்க

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வீட்டுல காளான் போடுற ஆக்களுக்குத்தான் இத எழுதுறன். இப்ப முகநூல்ல ஒரு விளம்பரம் ஓடித்திரியுது, "வீட்டப் பூட்டிட்டு எங்கயும் போங்க, காளான் அறை 25 டிகிரில நிக்கும், போன்லயே பாக்கலாம்" எண்டு. அந்தப் பொக்ஸ 68,000 ரூபா குடுத்து வாங்கின ஆள் நான். வித்தவர்ட பேர் இங்க போடல்ல, முறைப்பாடு போயிருக்கு, அது முடியட்டும். ஆனா பொக்ஸ் எப்பிடி இருக்கும் எண்டு சொல்லுறன், பாத்தா உடன பிடிச்சிருவீங்க. வெள்ளைப் பிளாஸ்டிக் பெட்டி, முன்னுக்கு சிவப்பு நம்பர் ஓடுற கொன்ட்ரோலர், பக்கத்துல தண்ணி டாங்கி, டாங்கிக்குள்ள புகையா தண்ணி விடுற சின்ன மெசின், மேல ஒரு ஃபேன். முடிஞ்சுது. கம்ப்ரசர் இல்ல, கேஸ் இல்ல, ஏசிக்குரிய சாமான் ஒண்டுமே இல்ல.

நான் வைக்கிறது சிப்பிக் காளான், மரத்தூள் பை, ஒரு 200 பை அளவுல ஓடும். கச்சான் காத்து, அதான் மேற்கால அடிக்கிற சூடான காஞ்ச காத்து, தொடங்கினா ஆரையம்பதியில சீற்றுக் கூரைக்குக் கீழ என்ன நிலம எண்டு இங்க உள்ளவங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்தக் காலத்துல சாக்கு நனைக்கிற, மணல் தரைக்குத் தண்ணி தெளிக்கிற, பின்னேரம் ஜன்னல் திறக்கிற எண்டு அறையோடயே கிடக்கணும். இந்த முறை அம்மாட நேத்திக்கடன், உகந்தையில இருந்து காட்டுப்பாதையால கதிர்காமத்துக்கு நடக்கணும், அவவத் தனிய விட ஏலாது. பக்கத்து வீட்டு மாமிக்கு முழங்கால் நோ, அவவக் குனிஞ்சு நிமிந்து சாக்கு நனைக்கச் சொல்லவும் மனமில்ல. அதாலதான் இந்த விளம்பரத்துக்குக் கோல் எடுத்தன்.

வித்தவர் வேன்ல வந்து பொக்ஸப் பூட்டித் தந்தவர். ஜன்னல் எல்லாத்தையும் பொலித்தீன் அடிச்சு மூடச் சொன்னவர், "குளிர் வெளிய போயிரும் தங்கச்சி" எண்டு. ஓன் பண்ணினா கொஞ்ச நேரத்துல 26 காட்டிச்சு. "இனி நீங்க லண்டனுக்குப் போனாலும் பயமில்ல" எண்டு ஒரு பகிடியும் விட்டுட்டு முழுக்காசையும் வாங்கிட்டுப் போயிட்டார்.

திருக்கோவில்ல ஆப்பத் திறந்து பாக்குறன் 26. பொத்துவில்ல 26. உகந்தை தாண்டிக் குமணக் காட்டுக்குள்ள சிக்னல் எங்க கிடைக்கும், அங்க முருகன்தான் பாக்கணும். கதிர்காமம் போய்ச் சேந்து திறந்தா அப்பவும் 26. மனசு நிறைஞ்சு போய் அம்மாட்டயும் காட்டினன். அதுக்குள்ள மாமி கோல், "என்ன கா புள்ள, உண்ட காளான் அறையில இருந்து புளிச்ச மணம் வருது, கதவு கிட்டப் போனாலே அவியுது கா" எண்டு. நான் போன்ல 26ஐப் பாத்துக்கொண்டே கேக்குறன்.

வந்து பாத்தா முக்கால்வாசிப் பை போயிட்டு. பச்சைப் பூஞ்சணம் பிடிச்சு, பைக்குள்ள மஞ்சளாத் தண்ணி கட்டி, மொட்டு எல்லாம் கருகிக் காஞ்சு. தப்பின பைகள்ல வந்த காளான் தண்டு நீண்டு குடை சின்னனா இருந்துச்சு, அது காத்தோட்டம் இல்லாம காபனீரொட்சைட் அடைஞ்சா வாறது, பொலித்தீன் அடிச்சு மூடச் சொன்ன புண்ணியம்.

தம்பி பொக்ஸக் கழட்டினான். சென்சர் வயர் எங்க முடியுது எண்டு பாத்தா, புகை வெளிய வாற குழாய் வாயிலயே டேப் போட்டு ஒட்டியிருக்கு! நெத்தியில ஐஸ் வச்சிட்டுக் காய்ச்சல் பாக்குற மாதிரி. பொக்ஸ ஓட விட்டு, வேற ஒரு தேர்மோமீற்றரப் பைத் தட்டுல வச்சா மத்தியானம் 36, அந்த நேரம் கொன்ட்ரோலர்ல 26. சிப்பிக் காளானுக்கு 28 தாண்டினாலே மொட்டு குறையத் தொடங்கும், இதுல பை தானே சூடு விடுறது, உள்ளுக்கு அறைய விட ரெண்டு மூண்டு டிகிரி கூடத்தான் இருக்கும். அப்ப யோசிச்சுப் பாருங்க.

அது ஒண்டு. மற்றது, ஒரு பின்னேரம் கரண்ட் போய் வந்தது எண்டு மாமி சொன்னவ. கரண்ட் வந்த பிறகு பொக்ஸ் மறுகா ஓன் ஆகவே இல்ல. பொக்ஸப் போனோட இணைக்கிற வைஃபை சுவிச்சுல அதுக்கு ஒரு செட்டிங் இருக்கு, கரண்ட் வந்தா தானா ஓன் ஆகணுமா ஓஃப்லயே நிக்கணுமா எண்டு, அவர் அத ஓஃப்ல விட்டிருக்கார். ஆப் என்ன செய்திருக்கு எண்டா கடைசியா வந்த நம்பரையே காட்டிக்கொண்டு இருந்திருக்கு, எத்தின மணிக்கு வந்த நம்பர் எண்டு ஒரு மூலையிலயும் இல்ல. நான் கதிர்காமத்துல பாத்தது அந்தப் பழைய 26.

வித்தவருக்குக் கோல் எடுத்தா முதல்ல "நீங்க கதவத் திறந்திருப்பீங்க", பிறகு "உங்கட விதை சரியில்ல", மறுகா "கச்சானுக்கு நான் என்ன செய்ய". சென்சர் போட்டோவ அனுப்பினன், புளொக் பண்ணிட்டார். ஒரு வருச வொரன்டி வாயாலதான், தந்த துண்டுல விலையும் கையெழுத்தும் மட்டும், விலாசம் கூட இல்ல.

சென்சர நல்ல இடத்துல வச்சாலும் இந்தச் சாமான் மூடின அறையக் குளிராக்காது. தண்ணி ஆவியாகுற வரைக்கும்தான் காத்துச் சூடு குறையும், அறைக்காத்து ஈரத்தால நிறைஞ்சிட்டா அதுக்குப் பிறகு எவ்வளவு புகை விட்டாலும் சும்மா நனையும், மோட்டர் சூடு வேற சேரும். கச்சான் காஞ்ச காத்து, அது உள்ள வாற பக்கம் நனைச்ச சாக்கத் தொங்க விட்டு மற்றப் பக்கத்தால வெளிய போக விட்டா அந்தச் சாக்கு இந்த 68,000த்த விட வேல செய்யும். காளானுக்கு 80, 90 வீதம் ஈரம் வேணும்தான், அதுக்குப் புகை மெசின் உதவும், குளிருக்கு இல்ல.

வாங்கத்தான் போறீங்க எண்டா காசு குடுக்க முதல் சென்சர் வயரக் கையால பிடிச்சுக்கொண்டு போய் எங்க முடியுது எண்டு பாருங்க, மத்தியான வெயிலுக்க உங்கட சொந்தத் தேர்மோமீற்றரப் பைகளுக்கு நடுவுல வச்சு ரெண்டையும் ஒத்துப் பாருங்க, மெயின் சுவிச்ச ஓஃப் பண்ணிப் போடுங்க, தானா வருதா? வராட்டி அத வேன்லயே ஏத்தி அனுப்புங்க. நீண்ட பயணம் எண்டா கச்சானுக்க சிப்பிப் பையே வைக்காதீங்க, பால் காளான் 30, 35 டிகிரிக்கும் தாங்கும், நான் இனி அதுக்குத்தான் மாறுறன்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்குக் கோல் அடிச்சுச் சொல்லி, எழுத்திலயும் குடுத்திருக்கன், வட்ஸ்அப்ல அவர் அனுப்பின விலை, பேச்சு எல்லாம் ஸ்கிரீன்சொட் எடுத்து வச்சது இப்ப உதவுது. திருக்கோவில் பக்கம் ஒரு அக்காவும் இதே பொக்ஸ் வாங்கி இதே கதைதான். வேற ஆரும் இருந்தா அந்தத் துண்டு, போட்டோ, காசு போட்ட ஸ்லிப் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு இன்பொக்ஸ்ல வாங்க, ஒண்டாச் சேத்துக் குடுக்கலாம்.