டிஸ்க் பிறேக் சைக்கிளுக்கு மோட்டார் சைக்கிள் ஒயில்: யாழ்ப்பாணத்தில் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

டிஸ்க் பிறேக் (சில்லின் நடுவிலுள்ள தகட்டைப் பிடித்து நிறுத்தும் பிறேக்) பூட்டிய றோட் சைக்கிள் வாங்க எண்ணுபவர்களும், ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், அதைத் திருத்தக் கொடுப்பதற்கு முன் இதை வாசித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். யாழ் நகரில் பெயருள்ள ஒரு கடையில் வாங்கி, அதே கடையில் பராமரிப்புக்கு விட்ட எனது சைக்கிளின் முன் பிறேக் முற்றாகப் பழுதடைந்துவிட்டது. கடையின் பெயரை எழுதவில்லை. அங்கு நடந்த வேலை வேறு எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது என்பதால் வேலையைத்தான் சொல்கிறேன்.

விற்கும்போது உரிமையாளர் சொன்னது இதுதான்: "இதுக்கு ஒரு வேலையும் இல்லைத் தம்பி, பிடிச்ச இடத்தில நிக்கும். ரூர் டி பிரான்ஸ் ஓடுறவங்களே இதைத்தான் பாவிக்கிறாங்கள்." இரண்டாவது வசனம் உண்மை. சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியம் 2015இல் பரீட்சார்த்தமாக அனுமதித்து, 2016இல் பாரிஸ்–றூபே போட்டியில் ஒரு வீரர் காயமடைந்ததையடுத்து இடைநிறுத்தி, 2018 ஜூலையில்தான் டிஸ்க் பிறேக்கை முறையாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த வீரர்களின் பின்னால் உதிரிப்பாகங்களோடு திருத்துநர்களின் வாகனம் வருகிறது என்பதை அவர் சொல்லவில்லை.

பிறேக்கைக் குறை சொல்வதற்கில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், சில்லின் விளிம்பைப் பிடிக்கும் றிம் பிறேக்கின் கட்டைகள் முதலில் றிம்மிலுள்ள தண்ணீரை வழித்தெடுத்த பின்னர்தான் பிடிக்கின்றன. டிஸ்க்கில் அந்தத் தாமதம் மிகக் குறைவு. வலிகாமத்துச் செம்மண் சேற்றோடு ஓடும்போது கட்டைக்கும் றிம்முக்கும் இடையில் அகப்படும் மணல், காலப்போக்கில் றிம்மையே தேய்த்துவிடுகிறது; டிஸ்க்கில் தேய்வது மாற்றக்கூடிய தகடும், அதை இறுக்கிப் பிடிக்கும் பாட்டும் (pad) மட்டுமே. சில்லு சற்றுக் கோணினாலும் பிறேக் கெடுவதில்லை, அகலமான ரயரும் பூட்டலாம். மறுபுறம், சைக்கிளின் நிறை சில நூறு கிராம் கூடுகிறது, தகடு இலேசாக வளைந்தாலே உரசிச் சத்தமிடுகிறது, சில்லைக் கழற்றி வைத்திருக்கும்போது யாராவது லீவரை அழுத்திவிட்டால் பாட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. நீண்ட மலை இறக்கங்களில் சூட்டைத் தாங்குவது டிஸ்க்கின் பெரிய நன்மை. நுவரெலியாவிலிருந்து இறங்குபவருக்கு அது பெறுமதியானது, ஒரு மேடுகூட இல்லாத குடாநாட்டில் ஓடும் எனக்கு அதனால் என்ன பயன் என்பதை வாங்கும் நாளில் யாரும் பேசவில்லை.

லீவர் சற்றுத் தளர்ந்ததால் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனேன். எனது பிறேக் ஷிமானோ நிறுவனத்தினுடையது. அதற்குள் இருக்க வேண்டியது மினரல் ஒயில். ஸ்ராம் என்ற இன்னொரு நிறுவனத்தின் றோட் பிறேக்குகளுக்கோ, மோட்டார் வாகன பிறேக்குகளுக்கு ஊற்றும் டொட் (DOT) திரவம். இவை ஒன்றுக்கொன்று மாற்றீடல்ல. மினரல் ஒயிலுக்கென அமைந்த இறப்பர் சீல்கள் டொட் திரவத்தில் ஊதிப் பருக்கின்றன. பாட்டைத் தகட்டின் மீது தள்ளும் பிஸ்டன் உள்ளே திரும்பாமல் இறுகுகிறது, பின்னர் கசிவும் தொடங்குகிறது. திருத்துநர் எடுத்த சிறிய போத்தலில் டொட் 4 என்று தெளிவாக எழுதியிருந்தது. மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் அதே போத்தல். "அண்ணை, இதுக்கு மினரல் ஒயில்தானே விட வேணும்?" என்று கேட்டேன். "பிறேக் ஒயில் எண்டால் எல்லாம் ஒண்டுதான் தம்பி, நாங்கள் எத்தனை வண்டிக்கு விட்டிருக்கிறம்" என்றபடி ஊற்றி முடித்துவிட்டார். சிந்திய துளிகளைத் துடைக்கக்கூட இல்லை. முன்சில்லைத் தாங்கும் போர்க்கின் வர்ணம் அந்த இடத்தில் பின்னர் கொப்பளித்து உரிந்தது, ஏனெனில் டொட் திரவம் வர்ணத்தையும் அரிக்கும்.

சில நாட்களில் முன்சில்லு உரசத் தொடங்கியது. மறுபடி கொண்டுபோனபோது, சத்தம் போவதற்கென்று சங்கிலிக்கு அடிக்கும் ஸ்பிறேயைத் தகட்டின் மீதே அடித்தார்கள். தகட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோல் கொண்டு துடைத்துச் சுத்தமாக்கலாம், ஆனால் எண்ணெய் ஊறிய பாட்டை வீசத்தான் வேண்டும். அதன்பின் பொன்னாலைப் பாலத்தில் மாடு ஒன்று குறுக்கே வந்தபோது முன் லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைபிடிவரை வந்தது. பின் பிறேக் வேலை செய்ததால் விழாமல் தப்பினேன்.

செலவு எங்கே வருகிறது என்பதைப் பலர் அறியமாட்டார்கள். றோட் சைக்கிளில் பிறேக் லீவரும் கியர் மாற்றியும் ஒரே உறுப்பு. அதனுள் இருக்கும் சீல் கெட்டால் அந்தச் சீல் மட்டும் தனியாக வாங்க வழியில்லை. கியர் மாற்றி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் முழு லீவரையும், கூடவே பிஸ்டனும் பாட்டும் இருக்கும் கலிப்பரையும் மாற்ற வேண்டும். எனக்கு வேண்டிய லீவர் இங்கு கிடைக்காததால், பாரிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மைத்துனர்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். கடைக்காரரோ "நீங்கள் மழைக்குள்ள ஓடினதாலதான் பழுதானது" என்றார். மழையில் ஓடுவதற்காகவே அந்த பிறேக்கை அவர் எனக்கு விற்றார் என்பதை நினைவூட்டினேன், பதில் வரவில்லை.

ஆகவே வாங்குமுன் கலிப்பருக்குள் போவது கம்பியா, ஒயில் குழாயா என்று பாருங்கள். கம்பியால் இயங்கும் டிஸ்க் பிறேக்கை இங்குள்ள எந்தத் திருத்துநரும் ஓரளவு சரிசெய்துவிடுவார். பிடிப்பு சற்றுக் குறைவு, ஆனால் ஒயில் பிரச்சினை இல்லை. குழாய் என்றால் எந்த ஒயில், அது கடையில் இருக்கிறதா என்று கேட்டு, போத்தலை நேரில் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். வெயில் காலத்தில் மட்டும் நகருக்குள் ஓடுபவருக்கு நல்ல றிம் பிறேக்கே தாராளமாகப் போதும் என்பது எனது கருத்து.

பராமரிப்புக்குக் கொடுத்தாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள், அதில் ஊற்றிய ஒயிலின் பெயரை எழுதுவியுங்கள், கழற்றிய பாகங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, பொருளோ சேவையோ பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். நான் பற்றுச்சீட்டின் பிரதியோடும் கொப்பளித்த போர்க்கின் படங்களோடும் முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டேன்; விசாரணை இன்னும் முடியவில்லை.