விழுப்புரத்தில் மூன்று வாரமும் ஒரு ஏர் ஃபில்டரும்

மஸ்கட்டிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை விழுப்புரம் வருவேன். வந்த மறுநாள் காலையில் முதல் வேலை, அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை வெளியே தள்ளி வந்து உதைப்பதுதான். 1994-ஆம் வருட வண்டி. அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. விற்க எங்களில் யாருக்கும் மனசு வரவில்லை. அக்கா மகன் எப்போதாவது எடுப்பான், மற்றபடி மாதக்கணக்கில் சும்மா நிற்கும்.

இந்த முறை ஸ்டார்ட் ஆனதுமே சத்தம் வேறாக இருந்தது. காற்றை உறிஞ்சும் ஒலி காதில் அறைந்தது. சைடு கவரைக் கழற்றினால், காற்றை வடிகட்டும் ஸ்பாஞ்ச் உட்காரும் பெட்டியான ஏர் பாக்ஸ் இல்லை. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்ப்பரேட்டரின் வாயில் நேராக ஒரு கூம்பு வடிவ ஃபில்டரை, கோன் ஃபில்டர் என்பார்கள், கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தார்கள். பழைய ஸ்பாஞ்ச் உதிர்ந்து பொடியாகிவிட்டது என்று பையன் ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறான். அவர்கள் பெட்டியையே எடுத்துக் கடாசிவிட்டு இதை மாட்டி, பிக்கப் பிரமாதமாக இருக்கும் என்று அனுப்பிவிட்டார்கள். பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகான ஜெட்டை மாற்றவில்லை, கார்ப்பரேட்டரைத் திறக்கக்கூட இல்லை. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பத்தொன்பது வயதுப் பையனிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டியது காசு வாங்கிய கடைக்காரர்தான்.

மூன்றாம் நாள் செஞ்சிக்குக் கிளம்பினேன். நல்ல வெயில், காலியான ரோடு. அறுபதுக்கு மேல் விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தபோது இழுவை மெல்லக் குறைந்தது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் பின்சக்கரம் இறுகியது. கிளட்சைப் பிடித்துவிட்டதால் விழவில்லை. இஞ்சின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது.

குட்டி யானையில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். முப்பது வருடத்துக்கு மேலாக டூ ஸ்ட்ரோக் வண்டிகளையே பார்க்கிறவர். அவர் முதலில் கை வைத்தது இஞ்சினில் இல்லை, ஆயில் பம்பில். பெட்ரோலோடு சேர்ந்து போய் இஞ்சினை வழவழப்பாக்கும் டூடி (2T) ஆயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அப்புறம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வெயிலில் திருப்பிக் காட்டினார். சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளை.

"காத்து கூடிப்போச்சு தம்பி, பெட்ரோல் கம்மி. ஆயில் இருந்தும் சூடு தாங்கல."

அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. ஏர் பாக்ஸ் காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடையால் கார்ப்பரேட்டருக்குள் உறிஞ்சல் கூடும், அந்த உறிஞ்சலுக்குக் கணக்குப் போட்டுத்தான் கம்பெனி ஜெட்டின் துளையை வைத்திருக்கிறது. பெட்டியை எடுத்துவிட்டால் காற்று தாராளமாகப் போகும், உறிஞ்சல் குறையும், பெட்ரோல் அந்த அளவுக்கு மேலே ஏறாது. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனைக் குளிர வைப்பதில் உள்ளே வரும் பெட்ரோலுக்கும் பங்கு உண்டு. அது குறைந்தால் பிஸ்டன் வீங்கி சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். போதாததற்கு இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால் அதே ஜெட்டில் கலவை இன்னும் மெலிந்துவிடும். பழைய கார்ப்பரேட்டருக்கு அதைத் தானாகச் சரிக்கட்டத் தெரியாது.

"கோன் ஃபில்டரே கூடாதா அண்ணே?" என்று கேட்டேன். கூடாது என்று அவர் சொல்லவில்லை. மெயின் ஜெட்டை ஒவ்வொரு எண்ணாக ஏற்ற வேண்டும், எண் கூடினால் துளை பெரிது. கார்ப்பரேட்டருக்குள் தொங்கும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு காடி (வெட்டு) கீழே இறக்கினால் நீடில் மேலே தூக்கிக் கொடுக்கும், நடு வேகத்தில் பெட்ரோல் கூடும். ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓடும் ஐடிலில், காற்றின் அளவை மாற்றும் ஏர் ஸ்க்ரூவை மறுபடி சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டி, நிறுத்தி, பிளக் பார்க்க வேண்டும். பொறுமையாக இரண்டு நாள் செய்தால் வண்டி நன்றாகவே ஓடும் என்றார். ஆனால் திறந்தபடி நிற்கும் ஃபில்டர் மழையில் நனையும், மண் ரோட்டுப் புழுதி நேராக அதன்மேல் படியும், வாரம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். வருடத்தில் மூன்று வாரம் வந்து போகிற எனக்கு அது ஒத்துவராது. பெட்டியே திரும்ப வரட்டும் என்று முடிவு செய்தேன்.

சிலிண்டரை லேத்துக்கு அனுப்பி போர் எடுத்து, அதாவது உள்துளையைச் சற்று அகலமாகக் கடைந்து, 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டார்கள். அது நான்கு நாள் வேலை. அதற்குள் பெட்டியைத் தேடி ரயிலேறினேன். சென்னை எழும்பூரில் இறங்கினால், பழைய வண்டி உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டை நடக்கும் தூரம்தான். மெக்கானிக் ஒரு நல்ல வேலை செய்திருந்தார்: கார்ப்பரேட்டரையே துணியில் சுற்றி என் கையில் கொடுத்து, மாட்டிப் பார்க்காமல் எதையும் வாங்காதே என்று சொல்லி அனுப்பினார். முதல் கடையில் அடித்துச் சொல்லிக் கொடுத்த பெட்டியின் ரப்பர் வாய் கார்ப்பரேட்டரில் லொடலொடவென்று ஆடியது. கிளாம்பை இறுக்கினால் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகாது. வாய் அளவு பொருந்தாத ரப்பரை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு பக்கம் மடிந்து இடைவெளி விடும், வடிகட்டாத புழுதி அதன் வழியாக நேரே இஞ்சினுக்குள் போகும். நான்காவது கடையில் ஒரு பெரியவர் மூட்டையைக் கொட்டிக் கிளறி, விரிசல் இல்லாத பெட்டி ஒன்றை எடுத்துத் தந்தார். 600 ரூபாய். ரப்பரை அவரே வளைத்துக் காட்டி, வெடிப்பு இல்லை பார் என்றார். அந்தப் பெரியவருக்காகவே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

ஸ்பாஞ்ச் எலிமெண்டுக்குக் கம்பெனிச் சரக்கு கிடைக்கவில்லை, வெளிச் சரக்குதான். இரண்டு விதம் காட்டினார்கள். மலிவானதைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் ஊசி ஊசியாக ஒளி வந்தது, ஓரமும் மெலிந்து இருந்தது. மற்றது நெருக்கமான ஸ்பாஞ்ச், விளிம்பு தடிமன். 180 ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன்.

மாட்டும்போதுதான் பலரும் தவறு செய்கிறார்கள், நானும் இத்தனை வருடம் செய்திருக்கிறேன். இந்த ஸ்பாஞ்ச் காய்ந்த நிலையில் அரைகுறையாகத்தான் வடிகட்டும். ஆயிலில் நனைத்து, உள்ளங்கைக்குள் வைத்து எல்லா இடமும் ஊறும்படி பிசைந்து, மிச்சத்தைப் பிழிந்துவிட வேண்டும். முறுக்கினால் கிழியும், அழுத்தித்தான் பிழிய வேண்டும். சொட்டச் சொட்ட மாட்டினால் மூச்சு அடைக்கும். மெக்கானிக் விளிம்பு முழுக்க மெல்லிசாக கிரீஸ் தடவி, பெட்டியில் அழுத்தி உட்கார வைத்தார். பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டிக்காரர்கள் இதைப் பார்த்துவிட்டு ஆயில் ஊற்றிவிடக் கூடாது. அதற்கு ஆயிலே ஆகாது.

பிறகு ஐடிலில் விட்டு, கார்ப்பரேட்டருக்கும் இஞ்சினுக்கும் நடுவே உள்ள இணைப்பில் கார்ப்பரேட்டர் கிளீனரைத் துளி அடித்துப் பார்த்தார். சத்தம் மாறினால் அங்கே காற்று கசிகிறது என்று அர்த்தம். மாறவில்லை.

புது பிஸ்டன் என்பதால் முதல் 500 கிலோமீட்டருக்கு முழு ஆக்சிலேட்டர் கிடையாது. புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் மெதுவாகப் போய் வந்தேன். பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டிவந்து, சாவியை அணைத்து கிளட்சைப் பிடித்து நிறுத்திப் பிளக்கைப் பார்த்தோம். முதல் தடவை இன்னும் வெளுப்பாகவே இருந்தது. கிளிப்பை ஒரு காடி இறக்கினார். அடுத்த தடவை பிஸ்கட் நிறம், அதுதான் சரி. புகைப் பரிசோதனையில், 2000-க்கு முந்தைய இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை இருக்கலாம், எங்களுடையது 3.2. ஐடிலில் எடுக்கிற அளவுதான், ஆனாலும் ஏர் ஸ்க்ரூ சரியாக நிற்கிறது என்று தெரிந்துகொள்ள உதவியது.

போர், பிஸ்டன், கூலி எல்லாம் சேர்த்து 5,400 ரூபாய். பழைய பிஸ்டனையும் ரிங்கையும் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தார், கேட்காமலே.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவரே வீட்டுக்கு வந்தார். பெட்ரோல் டேப்பை மூடி, கார்ப்பரேட்டரில் நிற்கும் பெட்ரோலை ஒரு டம்ளரில் வடித்தார். மாதக்கணக்கில் நின்றால் அது பிசினாகி முதலில் ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டைத்தான் அடைக்கும். எப்படித் திறப்பது, ஸ்பாஞ்சை எப்படிக் கழுவுவது என்று பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யச் சொன்னார். முடிந்ததும் மார்க்கர் கேட்டு வாங்கி, சைடு கவரின் உட்புறத்தில் மெயின் ஜெட் எண்ணையும், கிளிப் எத்தனாவது காடி, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுற்று என்பதையும் எழுதி, கீழே தேதி போட்டார்.