பெர்மிற்றைக் கேட்கவில்லையே

இந்தமுறை ஊருக்குப் போனபோது கோயில், கல்யாணம், விருந்துச் சாப்பாடு எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டு ஒரே ஒரு வேலையைக் கையில் எடுத்தேன். அம்மாவின் தகப்பன், எங்கள் அப்பு, கட்டிய வீடு யாருடையது? குடும்ப வாட்ஸ்அப்பில் ஆறு மாதமாக இதுதான் சண்டை. ஜேர்மனியில் இருக்கும் பெரிய மாமா தன்னுடையது என்கிறார். ரொறொன்ரோவில் இருக்கும் அம்மா தன் சீதன வீடு என்கிறார். வீட்டில் இருப்பது சின்னம்மா. அவ வாட்ஸ்அப்பில் இல்லை.

கிளிநொச்சிப் பக்கத்துக் காணி. 1950களில் தென்மராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்த அப்பு காடு வெட்டிக் குடியிருந்த இடம். வயற்காணி தூரத்தில், மேட்டுக்காணியில் வீடு. இப்போது அந்த மேட்டுக்காணியைச் சுற்றி டவுன் வந்துவிட்டது. ஒருபக்கம் ஹார்ட்வெயார் கடை, மறுபக்கம் பேக்கரி. முகப்பில் 1961 என்று சீமெந்தில் எழுதியிருக்கிறது. ஓடு போய்த் தகரம் வந்துவிட்டது. விறாந்தைச் சிவப்புச் சீமெந்து மட்டும் அப்படியே இருக்கிறது. அது காயுமுன் நடந்துபோன நாயின் காலடி நாலும் இன்னும் தெளிவு.

முதல் நாளே பிழை விட்டேன். கிளிநொச்சி 1984 வரைக்கும் யாழ்ப்பாண மாவட்டத்துக்குள் இருந்தது. பழைய பதிவென்றால் யாழ்ப்பாணத்தில்தானே இருக்கும் என்று நானே முடிவுகட்டி, விடியப்புறமே பஸ் ஏறித் தோம்பு, அதாவது காணிப் பதிவேடு, தேடப் போனேன். என் கணக்கு இதுதான்: காணி எழுதும் எந்த நொத்தாரிசும் தான் முடித்த உறுதியின், அதாவது காணிப் பத்திரத்தின், இரண்டாம் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பியே ஆகவேண்டும். கையிலிருந்த உறுதி எரிந்தாலும் இடம்பெயர்வில் தொலைந்தாலும் அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம். கணக்கு சரிதான், ஆனால் உறுதி என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்! உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், காணியின் பெயர் என்று மூன்று கேட்டார்கள். மூன்றும் என்னிடம் இல்லை. பின்னேர பஸ்ஸில் திரும்பி வந்தேன்.

உண்மையான சேவை கிடைத்தது மறுநாள், ஒரு போட்டோக்கொப்பிக் கடையில். பிரதேச செயலகக் கந்தோர் வாசலில் இப்படி ஒரு கடை எப்போதும் இருக்கும். ஒரு மெசின், ஒரு கம்பியூட்டர், கடிதம் அடிக்க ஒரு பொடியன். நான் கதையைச் சொல்லத் தொடங்கவே மெசினிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

“அக்கா, உறுதிக்காணியோ பெர்மிற் காணியோ?”

ஆறு மாதச் சண்டையில் ஒருவரும் கேட்காத கேள்வி. வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணிகள். அவற்றை அனுமதி எடுக்காமல் விற்கவும் முடியாது, பெண்ணுக்குச் சீதனமாக எழுதவும் முடியாது. அம்மாவின் சீதன வீடு அந்தக் கடை வாசலிலேயே கரைந்துபோனது. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தபடியே பிளேன்டீ குடித்தேன்.

இரவு சின்னம்மாவிடம் கேட்டேன். எழும்பிப்போய் அரிசி வாளிக்குள் கையை விட்டு ஒரு சொப்பிங் பையை எடுத்து வந்தா. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் மடிப்பெல்லாம் கிழிந்து, பின்பக்கம் பிளாஸ்டர் ஒட்டிய பெர்மிற். 2009இல் முள்ளிவாய்க்கால் வரைக்கும் போய், செட்டிகுளம் முகாமில் இருந்து, திரும்பி வந்த கடுதாசி.

“இதை ஏன் சின்னம்மா சொல்லேல்லை?”

“உறுதி இருக்கோ எண்டு போனிலை கேட்டனீங்கள், இல்லை எண்டனான். பெர்மிற்றைக் கேக்கேல்லையே.”

பெர்மிற்றில் பின்னுரித்தாளர், அதாவது பெர்மிற்காரருக்குப் பிறகு காணி சேரவேண்டிய ஆள், என்ற இடத்தில் மாமாவின் பெயர் இருந்தது. சரி, மாமா வென்றார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னுரித்தாளரே குறிப்பிடாமல் விட்டிருந்தாலும் அந்தக் காலத்துச் சட்டப்படி மூத்த ஆண்பிள்ளைக்குத்தான் போயிருக்கும். அந்த ஆண் பெண் வேறுபாட்டை 2022இல்தான் திருத்தினார்கள்.

மூன்றாம் நாள் காணிக் கிளையில் வரிசை நீளம், மின்விசிறி ஒன்று. அதைவிடக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்புவின் மரணச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம் எல்லாம் பொடியன் சொன்ன ஒழுங்கில் அடுக்கிக் கொண்டு போனதால் திருப்பி அனுப்பப்படவில்லை. லெட்ஜரைப் புரட்டிய உத்தியோகத்தர் ஒரு பக்கத்தில் நின்றார். புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். மாமாவின் பெயர் சிவப்பு மையால் வெட்டப்பட்டு, மேலே சின்னம்மாவின் முழுப்பெயர். பக்கத்தில் ஒரு சுருக்கொப்பம், 1979 என்ற ஆண்டு.

பெர்மிற்காரர் உயிரோடு இருக்கும்போது பின்னுரித்தை ரத்துச் செய்து வேறொருவரைப் பதியலாமாம். அப்பு கந்தோருக்கு வந்து மாற்றியிருக்கிறார். ஜேர்மனிக்குப் போகாத பிள்ளைக்கு எழுதினார் என்று சொல்லவும் வழியில்லை. 1979இல் மாமாவும் இங்கேதான் இருந்தார், ஒரே வீட்டில். என்ன கோபமோ.

பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்தாயிற்று. மற்றப் பிள்ளைகளுக்கும் அறிவித்தல் அனுப்பி விசாரணை வைப்பார்களாம், அதற்கு மாதங்கள் போகும், என் பிளேன் வெள்ளிக்கிழமை. பெர்மிற்றை லமினேற் பண்ணித் தரச் சொன்னேன். “வேண்டாமக்கா, பிறகு அதிலை சீல் குத்தேலாது” என்று பொடியன் புதுப் பிளாஸ்டிக் உறை ஒன்றில் போட்டுத் தந்தான். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சின்னம்மாவிடம் லெட்ஜரில் கண்டதைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உறையை வாங்கி, பழைய சொப்பிங் பைக்குள்ளேயே வைத்து, அரிசியைக் கையால் விலக்கினா.

“கொண்ணனுக்கு நீ சொல்லாதை” என்றா. என் அண்ணன் ஒருவருக்கும் இதில் சம்பந்தமில்லை என்பது எனக்கு உறைக்கவே ஒரு நிமிடம் பிடித்தது. அவ அம்மாவோடு கதைப்பதுபோல் என்னோடு கதைத்திருக்கிறா.