பழைய டபிள்யூஆர்எக்ஸ்ல இன்டேக் மாத்தப் போறீங்களா, முதல்ல இதைப் படிச்சிடுங்க

சிங்கப்பூர்ல காக்கி புக்கிட் பக்கம் ஒரு வொர்க்‌ஷாப்ல எனக்கு நடந்ததை அப்படியே எழுதறேன். கடை பேரு போடல, கிளெய்ம் போட்டிருக்கேன், அது முடியற வரைக்கும் பேரைச் சொல்றது சரியா வராது. ஆனா சொல்லாம இருக்கவும் முடியல, ஏன்னா போன வாரம் தேக்காவுல பார்த்த ஒரு பையன் இதே மாதிரி ஒரு இன்டேக் கிட்டை (இன்ஜினுக்குக் காத்து போற பைப்பும் ஃபில்டரும்) அவன் கார்ல மாட்டப் போறேன்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னான், அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல.

கார் 2007 சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், 2.5 டர்போ, மேனுவல். எங்க மாமா புதுசா எடுத்தது. 2017ல சிஓஇ (காரை 10 வருஷம் வச்சுக்கற உரிமம்) முடிஞ்சப்ப எல்லாரும் ஸ்கிராப் பண்ணிடுங்கன்னாங்க, மாமா கேக்கவே இல்ல, ஐம்பதாயிரம் வெள்ளி பக்கம் கட்டி 10 வருஷத்துக்குப் புதுப்பிச்சார், அப்புறம் முட்டி வலி வந்து கிளட்ச் மிதிக்க முடியலன்னு எனக்கு மாத்திக் கொடுத்துட்டார். வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன், ரோட் டாக்ஸ்ல 50 விழுக்காடு கூடுதல், இதெல்லாம் கட்டி வச்சிருக்கோம்னா அந்தக் கார் மேல எங்க குடும்பத்துக்கு எவ்வளவு பாசம்னு பார்த்துக்குங்க.

நான் கடைக்குப் போனதே ஒரு கிளிப்புக்காகத்தான். ஏர்பாக்ஸ், அதாவது ஏர் ஃபில்டர் இருக்கற பிளாஸ்டிக் பெட்டி, அதோட மூடியில கிளிப் ஒண்ணு உடைஞ்சிருந்துச்சு, ஃபில்டரும் மாத்தற நேரம். கடைக்காரர் நம்மாளு, தமிழ்ல பேசினார், மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. "அண்ணே, ஒரு கிளிப்பும் ஃபில்டரும் போதும்ணே"ன்னேன். "தம்பி, இந்தப் பிளாஸ்டிக் டப்பாவை வச்சுக்கிட்டு ஏன் காரோட மூச்சை அடைக்கிறே, கோன் ஃபில்டரும் பெரிய பைப்பும் போட்டா 30 குதிரை தானா வரும், நம்ம பையன்கள் எத்தனை பேருக்கு மாட்டியிருக்கேன் தெரியுமா"ன்னு ஒரு டைனோ பேப்பரை (இன்ஜின் பவரை அளக்கற மெஷின்ல எடுத்த சீட்டு) எடுத்துக் காட்டினார். அதுல இருந்தது வேற ஏதோ கார், மாத்தறதுக்கு முன்னாடி எடுத்த ரன் அதுல இல்லவே இல்ல, ஒரே ஒரு கோடுதான். அப்ப எனக்கு அது உறைக்கல. எல்டிஏ (நிலப் போக்குவரத்து ஆணையம்) பிரச்சனை வராதாண்ணேன்னு கேட்டதுக்கு "அதெல்லாம் ஓகேதான்லா தம்பி"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டார்.

கிட் 950 வெள்ளி, கூலி 150, "ஈசியூ செட்டிங்"னு (ஈசியூன்னா இன்ஜினோட கம்ப்யூட்டர்) 180. மொத்தம் 1,280, பேநவ்ல அனுப்பினேன். ரசீது கேட்டேன், வாட்ஸ்அப்ல அனுப்பறேன்னார், வந்தது தொகையை மட்டும் போட்ட ஒரு மெசேஜ்.

அந்த 180 வெள்ளி கதையை முதல்ல சொல்லிடறேன். காரை எடுத்து ஸ்டார்ட் பண்ணினப்ப டேஷ்போர்டு மணி 1:00லேர்ந்து ஓட ஆரம்பிச்சுது, டிரிப் மீட்டரும் சைபர். பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினா அப்படித்தான் ஆகும். அவ்வளவுதான் அவர் செஞ்ச செட்டிங். பின்னாடி இன்னொரு இடத்துல ஈசியூவை ரீட் பண்ணிப் பார்த்தப்ப ஃபேக்டரி மேப், அதாவது பெட்ரோல் எவ்வளவு ஊத்தணும்ங்கற கணக்கு, அப்படியே இருந்துச்சு, ஒரு நம்பர்கூட மாறல.

இது ஏன் பெரிய விஷயம்னா, இந்தக் கார்ல காத்தை அளக்கறது மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார், எல்லாரும் மாஃப்னு சொல்றது. ஏர்பாக்ஸைத் தாண்டினதும் குழாய்க்குள்ள உட்கார்ந்திருக்கும் ஒரு சூடான கம்பி, காத்து அதைக் குளிர வைக்கும், திரும்பச் சூடாக்க எவ்வளவு கரண்ட் ஆகுதுங்கறதை வச்சு இவ்வளவு காத்து போகுதுன்னு ஈசியூ கணக்குப் போட்டு அதுக்கு ஏத்த பெட்ரோலை ஊத்தும். அந்தக் கணக்கு முழுக்க ஒரிஜினல் குழாயோட அகலத்துக்குப் போட்டது. அகலமான குழாய்க்குள்ள அதே சென்சாரைச் சொருகினா அதே காத்து மெதுவாப் போகும், கம்பி குறைவாக் குளிரும், காத்து கம்மின்னு ஈசியூ ஏமாந்து பெட்ரோலைக் குறைச்சிடும். விட்டத்துல ஏழெட்டு மில்லிமீட்டர் கூடினாலே பரப்பளவு கால்வாசி கூடிடும், அப்ப பெட்ரோல் எவ்வளவு குறையும்னு நினைச்சுப் பாருங்க. மெதுவா ஓட்டறப்ப ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துப் பார்த்துச் சரிக்கட்டும், ஆனா டர்போ முழு அழுத்தத்துல இருக்கறப்ப அந்தக் காவல் கிடையாது, சிலிண்டருக்குள்ள பெட்ரோல் பத்தாம நாக் ஆகும், அதாவது எரியாத கலவை தானா வெடிச்சுத் தட்டும். இந்த 2.5 இன்ஜின்ல பிஸ்டன் ரிங் உட்கார்ற விளிம்பு உடையறது சுபாரு வச்சிருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்ச வியாதி, அதுக்கு நாக் ஒண்ணே போதும். அதனால இந்த மாதிரி கார்ல இன்டேக் மாத்தறோம்னா மேப்பும் கூடவே மாத்தியாகணும். மாட்டிட்டுப் போற சாமான் இல்ல இது.

எனக்கு மூணாவது நாளே தெரிஞ்சுபோச்சு. ஈசூன்லேர்ந்து எஸ்எல்இ விரைவுச்சாலை ஏறற இடத்துல மூணாவது கியர்ல மிதிச்சேன், தகர டப்பாவுல கோலிக்குண்டைப் போட்டு ஆட்டற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்துட்டேன். சிக்னல்ல நின்னா ஆர்பிஎம் ஏறி இறங்கி ஏறி இறங்கி, நிக்கவே மாட்டேங்குது, ஒரு வாரத்துல செக் இன்ஜின் லைட் வேற. திரும்பிப் போனேன். "கார் பழசு தம்பி, புது சாமான் செட்டாக 500 கிலோமீட்டர் ஆகும்"னார். ஓட்டினேன், பயந்து பயந்து, 2,500 ஆர்பிஎம்மைத் தாண்டாம. சரியாகல. ரெண்டாவது தடவை போனப்ப குரலே மாறிடுச்சு. இன்ஜின் ஏற்கனவே போயிடுச்சு, உங்க மாமா சரியா மெயின்டெய்ன் பண்ணல, ஓவர்ஹால் பண்ணணும், 6,800 வெள்ளி, இன்னைக்கே டெபாசிட் கட்டினா 6,000த்துக்கு முடிச்சுத் தரேன்னார். மாமாவைப் பத்தி அந்த வார்த்தை சொன்னார் பாருங்க, அங்கதான் எனக்கு முழிப்பு வந்துச்சு. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாத்தினதுக்கு மாமா பில்லை எல்லாம் பிஸ்கட் டின்ல போட்டு வச்சிருக்கற மனுஷன்.

காரை எடுத்துக்கிட்டு சின் மிங்ல ஒரு சீன அங்கிள் கிட்ட போனேன், ரொம்ப வருஷமா சுபாருவே பார்க்கறவர், அதிகம் பேச மாட்டார். ஸ்கேனர் போட்டதுமே தெரிஞ்சது, ஃப்யூயல் டிரிம் (ஈசியூ தானா பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற அளவு) பிளஸ் 24, கோடு பி0171, அதாவது பெட்ரோல் பத்தல. அடுத்து கம்ப்ரெஷன் பார்த்தார், நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு. இன்ஜின் நல்லாத்தான் இருந்துச்சு! 6,800 வெள்ளி ஓவர்ஹால் சுத்தப் பொய்.

அப்புறம் ஸ்மோக் டெஸ்ட், இன்டேக் பாதைக்குள்ள புகையை விட்டு எங்க கசியுதுன்னு பார்க்கறது. மேனிஃபோல்டுக்கு (காத்தை நாலு சிலிண்டருக்கும் பிரிச்சு விடற குழாய்) அடியில இருந்து வெள்ளையா நூல் மாதிரி கிளம்பிச்சு, பார்த்துக்கிட்டே இருக்கறப்ப ஹூட் வரைக்கும் வந்துடுச்சு. டர்போவுக்குப் போற பெரிய ஹோஸ் அங்க அடியிலதான் ஓடும், வயசானா இறுகிப்போயிடும், புதுப் பைப்பைச் சொருகறப்ப பலவந்தமா இழுத்திருக்காங்க, கிழிஞ்சிருக்கு. மேனிஃபோல்டைத் தூக்கினதும் அங்கிள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல், அதைச் சுத்திக் கறுப்பு டேப், டேப் மேல சிலிக்கான் பூசி, அதுல ஒருத்தரோட கட்டைவிரல் ரேகை அப்படியே பதிஞ்சு காய்ஞ்சு கிடக்கு. தெரியாம கிழிச்சிருந்தா மன்னிச்சிடலாங்க. கிழிஞ்சது தெரிஞ்சு, டேப் ஒட்டி, விரலால தடவி மூடிட்டு, வெளிய வந்து என்கிட்ட காசு வாங்கியிருக்காங்க.

அதோட முடியல. ஒரிஜினல் பைப்புல இன்ஜினோட பிரீதர் ஹோஸ் சேர்ற ஒரு வாய் இருக்கும், இவங்க போட்ட பைப்புல அந்த வாயே இல்ல. அதனால ஹோஸுக்குள்ள ஒரு போல்ட்டைத் திணிச்சு கிளாம்ப் அடிச்சு விட்டிருந்தாங்க. உள்ள அழுத்தம் போக வழியில்லாம கேம் கவர் ஓரத்துல ஆயில் வேர்க்க ஆரம்பிச்சிருந்துச்சு. ஃபில்டர் ஹெட்லைட்டுக்குப் பின்னாடி எந்த மறைப்பும் இல்லாம நிக்குது, பிஐஇ ஜாம்ல உள்ள போற காத்தோட வெப்பம் ஸ்கேனர்ல 64 டிகிரி காட்டிச்சு. மூச்சை அடைக்குதுன்னு சொன்னாரே அந்த ஒரிஜினல் டப்பா, அது ஃபெண்டர் பக்கத்துலேர்ந்து வெளிக்காத்தை எடுக்கும். 10 டிகிரி சூடு ஏறினா காத்தோட அடர்த்தி கிட்டத்தட்ட 3 விழுக்காடு போயிடும். நம்ம ஊரு வெயில்ல திறந்த ஃபில்டரை ஹூட்டுக்குள்ள வச்சா குதிரை எங்கேர்ந்து கூடும்.

நான் மாடிஃபிகேஷனுக்கு எதிரி இல்ல. மூடின பெட்டியோட, மாஃப் உட்கார்ற இடத்துல ஒரிஜினல் அளவே இருக்கற நல்ல கிட் இருக்கு, வைட்பேண்ட் சென்சார் (காத்து, பெட்ரோல் விகிதத்தை அளக்கறது) போட்டு ஒவ்வொரு அளவா பார்த்து மேப் எழுதற டியூனரும் இங்க இருக்காங்க. கேக்க வேண்டியது, சென்சார் குழாயோட உள்விட்டம் எவ்வளவு, மேப்பை யார் எழுதறது, மாத்தறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உங்க கார்லயே எடுத்த ரன் கிடைக்குமா. பதில் சொல்லத் தெரியாதவர் உங்க ஹூட்டைத் திறக்கவே வேணாம். எல்டிஏ விஷயத்தையும் கடைக்காரர் வாயால சொல்றதை நம்பாதீங்க, செய்யக்கூடாதது, அனுமதி வாங்கிச் செய்யறது, அனுமதி இல்லாமலே செய்யலாம்கறதுன்னு மூணு வகையா அவங்க வெப்சைட்லயே போட்டிருக்காங்க. மாட்டி மாட்டிக்கிட்டா பதில் சொல்ல வேண்டியது நீங்க.

காசு விஷயம். புது ஹோஸ், கூலி, கேம் கவர் சீல், பிளக், ஒரு செகண்ட் ஹேண்ட் ஏர்பாக்ஸ், எல்லாம் சேர்த்து எனக்கு 1,460 வெள்ளி ஆச்சு, முதல்ல கொடுத்த 1,280 தனி. முதல்ல பயனீட்டாளர் சங்கத்துல எழுதிக் கொடுத்தேன், கடையிலேர்ந்து பதிலே வரல. அப்புறம் ஸ்மால் கிளெய்ம்ஸ் தீர்ப்பாயத்துல போட்டேன், 5,000 வெள்ளி வரைக்குமான கிளெய்முக்கு 10 வெள்ளிதான் கட்டணம், ஆன்லைன்லயே போடலாம், வக்கீல் கிடையாது, 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம், சம்பவம் நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். என் கையில ரசீது இல்ல, ஆனா பேநவ் பதிவு, அந்த வாட்ஸ்அப் மெசேஜ், அங்கிள் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட், அந்த டேப்போட படம் எல்லாம் இருக்கு. இந்த மாசக் கடைசியில கூப்பிட்டிருக்காங்க.

இதுல எனக்கு ஆறாத ஒண்ணு இருக்கு. எங்க ஒரிஜினல் ஏர்பாக்ஸ். காரை எடுக்கறப்பவே கேட்டேன், "அது உடைஞ்ச சாமான் தம்பி, குப்பைக்குப் போயிடுச்சு"ன்னார். வேற ஒண்ணு வாங்கலாம்னு ஆன்லைன்ல தேடறப்ப, ஒரு கிளிப் இல்லாத பெட்டி ஒண்ணு 220 வெள்ளிக்கு வந்திருந்துச்சு, மூணாவது படத்துல மூடியோட உள்பக்கம். மாமாவோட கையெழுத்து. ஃபில்டர் மாத்தற ஒவ்வொரு தடவையும் வெள்ளை மார்க்கர்ல தேதி எழுதி வைப்பார், முதல் வரி 14.2.2008, பக்கத்துல தமிழ்ல "சுத்தம்"னு இருக்கும். நான் மெசேஜ் பண்ணின அரை மணி நேரத்துல அந்த விளம்பரம் மறைஞ்சிடுச்சு, யாரோ வாங்கிட்டாங்களா அவரே எடுத்துட்டாரான்னு தெரியல. படத்தை மட்டும் சேமிச்சு வச்சிருக்கேன். மாமாகிட்ட இன்னும் சொல்லல.

உங்க யாராவது டபிள்யூஆர்எக்ஸ்ல சமீபத்துல செகண்ட் ஹேண்ட் ஏர்பாக்ஸ் வாங்கி மாட்டியிருந்தா, தயவு செஞ்சு ஒரு தடவை மூடியைத் திறந்து பாருங்க. வெள்ளை எழுத்துல தேதிங்க வரிசையா இருந்தா எனக்கு எழுதுங்க. நான் இப்ப மாட்டியிருக்கற பெட்டிக்கு கிளிப் எல்லாம் நல்லா இருக்கு, அதைக் கொடுத்து, மேல என்ன காசு கேட்டாலும் கொடுத்து, அந்த மூடியை வாங்கிக்கறேன்.