டிஜிகேம்: படத்தோடு போகும் குறிப்புகள்

குடும்பப் படங்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட பிறகு அவற்றை ஒழுங்குபடுத்த ஒரு மென்பொருளைத் தேடுபவர்கள், நாளை அந்த மென்பொருள் நின்றுபோனால் தாம் இட்ட பெயர்களும் குறிப்புகளும் என்னவாகும் என்ற கேள்வியை முதலில் கேட்க வேண்டும். பலர் விரும்பிப் பயன்படுத்திய பிக்காசா என்னும் படத்தொகுப்பு மென்பொருளை 2016இல் கூகுள் நிறுத்திவிட்டது. அந்தக் கேள்விக்கு எனக்கு நிறைவான பதிலைத் தந்தது டிஜிகேம் என்னும் கட்டற்ற (யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமையுள்ள) மென்பொருள். 2001இல் தொடங்கி, கட்டற்ற மென்பொருள்களை உருவாக்கும் கேடிஈ சமூகத்தின் அரவணைப்பில் இன்றுவரை வளர்ந்துவரும் இது லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

முதன்முறை திறக்கும்போதே, நாம் சேர்க்கும் தகவல்களைப் படக்கோப்புகளிலும் எழுதலாமா என்று அது கேட்கிறது. ஒப்புக்கொள்ளுங்கள். அதன்பின் ஒரு படத்துக்கு நாம் இடும் தலைப்பு, குறிச்சொல் (டேக்), நட்சத்திர மதிப்பு ஆகியவை டிஜிகேமின் தரவுத்தளத்தில் மட்டுமன்றிப் படக்கோப்புக்குள்ளேயும் பொதுத்தர வடிவில் பதிகின்றன. அவற்றைப் பின்னாளில் வேறு மென்பொருள்களாலும் படிக்க முடியும். கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படங்களான ரா கோப்புகளைத் தொடாமல், பக்கத்தில் குறிப்புகளுக்கென்றே உள்ள ஒரு சிறு எக்ஸ்எம்பி கோப்பில் எழுதிவைக்கவும் வழியுண்டு.

குறிச்சொற்களைத் தமிழிலேயே இடலாம், தமிழிலேயே தேடலாம். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கவும் முடிவதால், ‘விசேஷங்கள்’ என்பதன்கீழ் காதுகுத்து, சீமந்தம், கிரகப்பிரவேசம் என்று பிரித்துவைத்துக்கொண்டு, ஒரு குறிப்பிட்ட அத்தை வந்திருந்த காதுகுத்துப் படங்களை மட்டும் நொடியில் எடுக்க முடிகிறது. முகம் கண்டறியும் வசதிக்கு உரிய தரவைத் தனியே பதிவிறக்க வேண்டும். ஆனால் அந்த வேலை முழுவதும் நம் கணினிக்குள்ளேயே நடக்கிறது. பிள்ளைகளின் முகங்கள் எந்த நிறுவனத்தின் சர்வருக்கும் போவதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். அது ஊகிக்கும் பெயர்களை நாம் ஒவ்வொன்றாக ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். அக்கா தங்கைகளைக் குழப்பிக்கொள்வது உண்டு. பழைய கணினியில் முதல் அலசல் மிக மெதுவாக நடக்கும்.

மெமரி கார்டிலிருந்து படங்களை இறக்கும்போது, தேதிவாரியாக ஆல்பம் பிரிப்பது, எடுத்த நாளையும் நேரத்தையும் வைத்துக் கோப்புக்குப் பெயரிடுவது, முன்பே இறக்கியவற்றை விட்டுவிட்டுப் புதியவற்றை மட்டும் எடுப்பது ஆகியவற்றை அதுவே பார்த்துக்கொள்கிறது. வாட்ஸ்அப் வழியே வரும் படங்களில் எடுத்த தேதி அழிந்துபோயிருக்கும். ஸ்கேன் செய்த பழைய படங்களோ ஸ்கேன் செய்த நாளையே காட்டும். இத்தகைய படங்களை மொத்தமாகத் தெரிவுசெய்து தேதியைத் திருத்தும் கருவி இதில் இருப்பதால், தாத்தாவின் திருமணப் படம் காலவரிசையில் தனக்குரிய இடத்துக்குப் போய்விடுகிறது. ஒரே படத்தின் சிறிதும் பெரிதுமான நகல்களை உருவ ஒற்றுமையை வைத்துக் கண்டுபிடித்துக் காட்டும் தேடலும் இந்த வகையில் மிகப் பயனுள்ளது.

திருத்தும் பகுதி அன்றாடத் தேவைக்குப் போதும். வெளிச்சம், நிறச்சமன், கூர்மை, வெட்டுதல், லென்ஸ் வளைவைச் சரிசெய்தல் எல்லாம் உள்ளன; திருத்திய படத்தைத் தனிப் பதிப்பாகச் சேமித்து மூலத்தை அப்படியே காக்க முடிகிறது. நூறு படங்களை ஒரே மூச்சில் சிறிதாக்க வேண்டுமானால் அதற்கும் தொகுதிச் செயலாக்கம் இருக்கிறது. ரா கோப்புகளில் நுணுக்கமாக உழைப்பவர்களுக்கு, முகத்தை மட்டும் தனியே ஒளியூட்டுவது போன்ற வேலைகளுக்கு, டார்க்டேபிள் என்னும் மற்றொரு கட்டற்ற மென்பொருளே ஏற்றது.

டிஜிகேமின் உண்மையான குறை அதன் முகப்புத்தான். இடப்பக்கமும் வலப்பக்கமும் நெருக்கமாக அடுக்கிய தாவல்கள் (டேப்கள்) புதியவரை மிரளவைக்கும். ஆல்பம், குறிச்சொல், தேடல் என்ற மூன்றை மட்டும் முதலில் பழகிக்கொண்டு மற்றவற்றை மெல்லத் தொடலாம் என்பதே என் பரிந்துரை. தரவுத்தளக் கோப்பைக் கணினியின் சொந்த வட்டிலேயே வையுங்கள். படங்கள் வெளிவட்டில் இருக்கலாம், ஆனால் அந்த வட்டுக்கு இன்னொரு நகலை நீங்களேதான் எடுத்துவைக்க வேண்டும்.