வெள்ளியா, பித்தளையா: இரண்டு சோவியத் பதக்கங்கள்

சோவியத் பதக்கம் சேகரிக்கத் தொடங்குபவர் முன் பெரும்பாலும் இரண்டு நிற்கும். ஒன்று, 1945 மே 9 அன்று நிறுவப்பட்ட ‘ஜெர்மனி மீதான வெற்றி’ப் பதக்கம்: பித்தளை, இடப்பக்கம் நோக்கும் ஸ்டாலின் முகம். ஏறத்தாழ 1.5 கோடிப் பேருக்கு வழங்கப்பட்டதால் எளிதில் கிடைக்கும். ஸ்டாலினின் மீசையும் கன்னமும் தேய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தால் பாதி மதிப்பீடு முடிந்தது. புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்குபோல் மின்னினால் வாங்காதீர்கள்; பழமையின் நிறம் போனால் போனதுதான்.

மற்றொன்று, 1938இல் வந்த ‘வீரத்துக்காக’ப் பதக்கம். வெள்ளி. மூன்று விமானங்கள், ஒரு டாங்கி, சிவப்பு எனாமலில் (உலோகத்தின் மேல் உருக்கிப் பதித்த வண்ணக் கண்ணாடி) எழுத்துகள். சிக்கலே அந்த எனாமலில்தான். உதிர்ந்த இடத்தில் சாயம் பூசி விற்பவர்கள் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் சாயத்தில் கண்ணாடிப் பளபளப்பு இராது. தொடக்ககாலப் பதக்கங்களின் பின்புறம் வரிசை எண் இருக்கும். விருது ஆவணம் கிடைத்தால் அதை அணிந்த சிப்பாய் யார் என்றே அறியலாம். எண்ணைச் சுரண்டியிருந்தால் அந்தக் கதையும் போயிற்று.

என் ஓட்டு இரண்டாவதற்கே, எனாமல் சற்று உதிர்ந்திருந்தாலும்.