வியாழன் ராத்திரி பத்து மணி: ஏழு வருஷம் கதை எழுதிப் பரப்பிய அனுபவம்

திருமங்கலத்தில் கோர்ட்டுக்குப் பக்கத்துத் தெருவில் எனக்கு ஒரு டிடிபி கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. பகல் முழுக்க அடுத்தவர் சொல்வதை அடிப்பேன். ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் கதையை அடிப்பேன். 2018 ஆவணியில் தொடங்கியது. கதைச் செயலி, அமேசானில் மின்னூல் விற்கிற கிண்டில், வாட்ஸப், அச்சுப் புத்தகம் என்று எல்லாவற்றிலும் கையை விட்டுப் பார்த்தாயிற்று. புதிதாக எழுத வருகிற தம்பிகளும் தங்கச்சிகளும் கடைக்கு வந்து "அண்ணே, எதுல போடலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் தட்டச்சு. என் கை பத்து வருஷம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ஓடிய கை. திரையில் தமிழ் தெரியும், ஆனால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து. பத்திரிகை அடித்து அச்சுக்கு அனுப்புகிறவரை அது உறைக்கவே உறைக்காது. முதல் கதையை அப்படியே அடித்து ஒரு செயலியில் ஒட்டினேன். கதை 'அம்மா' என்று ஆரம்பிக்கும். அங்கே போய் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று விழுந்து கிடந்தது. ஆயிரத்துச் சொச்சம் வார்த்தையும் அதே கதி. நான் கவனிக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் ஒரு கருத்து வந்திருந்தது: "அண்ணே, இது கதையா, வைஃபை பாஸ்வேர்டா?" என் எழுத்துக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான்.

அப்புறம், எங்கே ஒட்டினாலும் தமிழ் தமிழாகவே நிற்கிற யூனிகோடுக்கு மாறினேன். அதில் அடிக்க உதவும் என்எச்எம் ரைட்டர் மென்பொருள் இலவசம். பாமினி விசைப்பலகையை விட மனசில்லாதவர்கள் அதிலேயே பாமினி முறையில் அடித்து யூனிகோடாக எடுக்கலாம். நான் தமிழ்99-க்கே போய்விட்டேன். 1999-ல் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை முறை. உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். 'அம்மா'வுக்குப் பாமினியில் ஐந்து தட்டு, இதில் நான்கு. முதல் மூன்று வாரம் மட்டும் எரிச்சலாக இருக்கும். கடையில் ஒரு மனுவில் 'மாவட்ட ஆட்சியர்' என்பதற்கு என்ன அடித்தேன் என்று இங்கே சொல்ல முடியாது.

குரல் தட்டச்சையும் பார்த்தேன். கூகுள் 2017-ல் தமிழுக்குக் கொண்டுவந்தது. செய்தி மாதிரி பேசினால் சுத்தமாக எடுக்கிறது. நம்ம ஊர்ப் பேச்சு என்றால் தடுமாறுகிறது. 'அங்கிட்டு' என்றேன், 'அங்கே விட்டு' என்று எழுதியது. என் கதைமாந்தர் எல்லோரும் அங்கிட்டும் இங்கிட்டும் போகிறவர்கள். எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, எழுதியாயிற்று. யார் படிப்பது?

தமிழில் தொடர் எழுதுகிறவர்கள் பலர் பிரதிலிபியில் இருக்கிறார்கள், 2014-ல் பெங்களூரில் தொடங்கிய கதைச் செயலி அது. நானும் பிறகு அங்கே ஒரு கணக்கு வைத்தேன். முதல் இரண்டு வருஷம் நான் கிடந்தது வேறொரு செயலியில். குறை சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். அங்கே நான் கற்றுக்கொண்டது கதையை விட மொய்யைப் பற்றித்தான்.

உசிலம்பட்டிப் பக்கம் விசேஷங்களில் மொய் எழுத இப்போது கம்ப்யூட்டரே வந்துவிட்டது. யார் எவ்வளவு வைத்தார், நாம் திருப்பி எவ்வளவு வைக்க வேண்டும் என்பதெல்லாம் அச்சடித்த நோட்டாகக் கைக்கு வரும். அந்த வேலையை நானே செய்திருக்கிறேன். செயலியில் நடந்ததும் அச்சு அசல் அதுதான். எழுத்தாளர்கள் நூறு பேர் சேர்ந்த ஒரு குழு. ஒருவர் கதை போட்டால் மற்றவர்கள் போய் ஐந்து நட்சத்திரம் வைக்க வேண்டும். "அருமை சகோ", "செம்ம ட்விஸ்ட்" என்று ஒரு வரி எழுத வேண்டும். வைக்காதவர் பெயர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி குழுவில் வரும். நானும் வைத்தேன். ஒரே ராத்திரியில் நாற்பது கதைக்கு வைத்தேன், படித்தது இரண்டு. என் கதைக்கும் நட்சத்திரம் குவிந்தது. ஒரு அத்தியாயத்தில், செத்துப்போன மாமனாரை அடுத்த பக்கத்திலேயே காபி குடிக்க வைத்துவிட்டேன். என் கவனக்குறைவு. அறுபத்தேழு பேர் 'அருமை' போட்டிருந்தார்கள். ஒருத்தரும் அந்த மாமனாரைப் பார்க்கவில்லை.

மொய் திரும்பி வரும். வாசகர் அப்படி வரமாட்டார். அது உறைக்க எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

போட்டிகளும் அதே லட்சணம். வாக்கு எண்ணிக்கை வைத்து முடிவு சொல்கிற போட்டியில் மூன்று தடவை கலந்துகொண்டேன். கடைக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் "ஒரு ஓட்டுப் போடுங்கண்ணே" என்று போனை நீட்டியிருக்கிறேன். ஒரு பெரியவர் "எந்த வார்டு?" என்று கேட்டார். அத்தோடு விட்டுவிட்டேன்.

அடுத்து வாட்ஸப். எல்லோரும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்தேன். சொந்தக்காரர் குழு, பள்ளித் தோழர் குழு, தெருக் குழு என்று கண்ட இடத்திலெல்லாம் கதையின் சுட்டியைப் போட்டேன். மதினி குழுவிலேயே "தம்பி, இது விசேஷத்துக்காக ஆரம்பிச்ச குரூப்பு" என்றார். சுட்டியைத் தொடமாட்டேன் என்கிறார்களே என்று முழுக் கதையையும் அப்படியே ஒட்டினேன். அப்போது படித்தார்கள். படித்தவர்கள் மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். எங்கோ ஒரு இடத்தில் கடைசி வரியில் இருந்த என் பெயர் கழன்று விழுந்தது. நாலு மாசம் கழித்து விருதுநகர்ச் சித்தப்பா எனக்கே அனுப்புகிறார், தலையில் இரட்டை அம்புக்குறியோடு: "அருமையான கதை. நீயும் எழுதுறேங்கிறியே, இந்த மாதிரி எழுது."

ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அளித்த லீலை வரும். மதுரைக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். அடுத்தவர் எழுதிக் கொடுத்த பாட்டைத் தன் பாட்டென்று அரசவைக்குக் கொண்டுபோனவர் தருமி. ஆனாலும் அவருக்கு எழுதியவரே மனமுவந்து கொடுத்தார். என்னிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. சட்டப்படி எழுதிய உடனே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. 1957-ம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. ஆனால் இரட்டை அம்புக்குறி மேல் யார் வழக்குப் போடுவது? இப்போது நாலு பத்திக்கு மேல் எங்கேயும் ஒட்டுவதில்லை. என் பெயரைக் கடைசியில் போடாமல் இரண்டாம் பத்தியின் நடுவில் போடுகிறேன். வெட்டுகிறவர்கள் அவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை.

கிண்டில் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ் நூல்கள் அங்கே 2016 கடைசியில் வந்தன. கதை யூனிகோடில் இருந்து, அட்டைப்படமும் இருந்தால் ஒரு மாலை வேலை, காசு கேட்பதில்லை. விதியை மட்டும் படித்துவிட்டுச் செய்யுங்கள். இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35. செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கேயும் இருக்கக் கூடாது. அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். நான் படிக்காமல் 'சரி சரி' என்று அழுத்தினேன். அதே கதை செயலியிலும் கிடந்தது. எடுக்கச் சொல்லி மின்னஞ்சல் வந்தது, எடுத்தேன். செயலியில் இருந்த நட்சத்திரங்களும் கதையோடு போயின. மொய்ப்பணம் போனதாக நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு மாதாமாதம் அதில் வருகிற தொகை கடைக்கு ஒரு பேப்பர் பண்டல் வாங்கக் காணும்; சில மாதம் அரைப் பண்டல். வெளிநாட்டில் இருக்கிற நம்ம ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள் என்பதால் வைத்திருக்கிறேன்.

காசு வேண்டாம், படித்தால் போதும் என்பவர்களுக்கு 2013-ல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்க வேண்டும். யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். முதல் பன்னிரண்டு சிறுகதைகளை அப்படித்தான் கொடுக்கத் திருத்திக்கொண்டிருக்கிறேன். கொடுத்த பிறகு மனசு மாறினால் திரும்ப வாங்க முடியாது என்பதால் மெதுவாகத்தான் போகிறது.

அச்சுப் புத்தகம் போட்ட கதை கொஞ்சம் வலிக்கும். 2022-ல் 'கொய்யாத்தோப்பு' என்ற என் குறுநாவலை நூறு பிரதி போட்டேன். அச்சகத்தில் அட்டை வடிவமைத்த மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பு போட்டிருக்கவில்லை. அது இல்லாவிட்டால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய்ப் புள்ளிவட்டத்தோடு உட்கார்ந்துகொள்ளும். தலைப்பின் முதல் எழுத்தே 'கொ'. மாதிரியை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். நான் அப்போது ஒரு பூப்புனித நீராட்டு விழாப் பத்திரிகை அவசரத்தில் இருந்தேன். கட்டை விரலைப் போட்டு அனுப்பிவிட்டேன். பிழை திருத்துவதைத் தொழிலாக வைத்திருப்பவன், சொந்தப் புத்தகத்தின் முதல் எழுத்தை விட்டேன். நூறு அட்டையிலும் கொம்பு முறிந்த 'கொ'. மேலே ஸ்டிக்கர் அடித்து ஒட்டினேன். ஒட்டுவதற்கு என் மகளுக்கு ஒரு ஜிகர்தண்டா செலவு.

இன்னொன்று. புத்தகத்துக்கு அடையாளமாகப் போடுகிற ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு என்று அச்சகத்தில் ஆயிரத்து ஐந்நூறு வாங்கினார்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையில் இணையவழி விண்ணப்பித்தால் அந்த எண் இலவசம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது ஒரு அரங்கில் முப்பது பிரதி கொடுத்தேன். நூற்றுக்கு நாற்பது கழிவு. பதினொன்று விற்றது. அதில் நாலு என் மச்சான் வாங்கியது என்று பிறகு கண்டுபிடித்தேன்.

ஆகமொத்தம் நாலு வருஷத்துக்கு மேல் ஓடியும் முகம் தெரிந்த ஒரு வாசகர் இல்லை. அப்படி ஒரு வாசகர் வந்தது தற்செயல்.

மனு அடிக்க வருகிறவர்கள் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் இருந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகும். ஒரு நாள் என் தொடரின் முதல் அத்தியாயத்தைத் திருத்துவதற்காக அச்செடுத்து மேஜையில் வைத்திருந்தேன். பேரையூர்ப் பக்கத்திலிருந்து பட்டா மாறுதலுக்கு வந்த ஒரு பெரியவர் அதை எடுத்துப் படித்துவிட்டார். மனுவில் கையெழுத்துப் போடும்போது கேட்டார், "மிச்சம் எங்க?"

"அது இன்னும் எழுதலைங்கய்யா."

"எழுதுறப்ப ஒண்ணு பார்த்துக்க தம்பி. கமலைக்குக் கயிறு ரெண்டு. வடம் ஒண்ணு, வால்கயிறு ஒண்ணு. நீ வடத்தை மட்டும் வச்சே தண்ணி எறச்சிட்ட. சாலு நெறஞ்சு மேல வரும், கொட்டாது."

மாடு பூட்டிக் கமலையில் தண்ணீர் இறைக்கிற அந்தக் கிணற்றை நான் என் தாத்தா சொல்லக் கேட்டதை வைத்து எழுதியிருந்தேன். இரண்டு வருஷ நட்சத்திரத்தில் கிடைக்காதது அந்த ஒரு நிமிஷத்தில் கிடைத்தது. அவர் முன்னாலேயே வால்கயிற்றைச் சேர்த்தேன். சரிதானா என்று படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். "ம்" என்றார்.

அன்றிலிருந்து முதல் அத்தியாயத்தை ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்து நாலைந்து பிரதி கடையில் போட்டு வைக்கிறேன். கீழே ஒரு கியூஆர், "மிச்சம் வியாழன் ராத்திரி பத்து மணிக்கு" என்று ஒரு வரி. விருப்பமுள்ளவர் என் எண்ணைப் பதிந்துகொண்டு ஒரு வணக்கம் அனுப்பினால், ஒரே செய்தியை எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸப் பிராட்காஸ்ட் பட்டியலில் சேர்ப்பேன். இந்தப் பட்டியலில் 256 பேர்தான் அடங்குவார்கள். நம் எண்ணைத் தன் போனில் வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். முதலில் இதைப் பெரிய குறையாக நினைத்தேன். இப்போது அதுதான் எனக்குச் சல்லடை. எண்ணைப் பதிகிற அளவுக்கு ஆசைப்பட்டவர் படிக்கிறார். இன்றைக்கு 212 பேர். பத்து நிமிஷம் தாமதமானால் "என்னப்பா, கடை லீவா?" என்று கேட்கிறார்கள்.

நாள் மாறக் கூடாது. காய்ச்சல் வந்தபோதும், கடைத் தெருவில் மழைத்தண்ணி நின்றபோதும் வியாழன் போட்டேன். ஒரே ஒரு வாரம் சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை பார்க்கப் போய் விட்டுவிட்டேன். அடுத்த வாரம் வழக்கமாகப் பதில் போடுகிறவர்களில் பாதிப் பேரைக் காணோம். திரும்பச் சேர்க்க ஒன்றரை மாதம் பிடித்தது.

செலவுக் கணக்குக் கேட்பவர்களுக்கு: தாளும் மையும் மாதம் நூற்றைம்பது ரூபாய்க்குள் வருகிறது. வருமானம் நேரடியாக ஒன்றுமில்லை. 'கொய்யாத்தோப்பு' மிச்சப் பிரதிகள் மட்டும் மேஜையிலேயே தீர்ந்துவிட்டன, ஸ்டிக்கரோடு.

எங்கள் பக்கத்தில் இந்த வியாழன் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் இருக்காது என்று போட்டிருக்கிறார்கள். 38-வது அத்தியாயத்தைப் புதன் ராத்திரியே முடித்துப் போனில் ஏற்றி வைக்க வேண்டும். அதில் ஒரு ஜல்லிக்கட்டு மாடு வருகிறது. வாடிவாசல் விஷயத்தில் கயிறு எத்தனை என்று அலங்காநல்லூர்க்காரர் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.